பாயிண்ட்டுக்கு ஓடியவள்

விழாவுக்கு வந்திருந்தவர்கள் இவர்கள். மேடையில் கல்லூரி முதல்வர். அவருக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினர், பழைய ஓட்டக்காரராம், இப்போது பெரிய அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் பி.டி. சார், புது வெள்ளை ஷூ போட்டிருந்தார். கீழே முதல் வரிசையில் டீம் கேப்டன். அவளுடைய அப்பா. அவளுடைய அம்மா. இரண்டாவது வரிசையில் தங்கம் வாங்கிய பெண்கள். நடுவில் இரண்டு மூன்று வரிசை வாத்தியார்கள். அதற்கும் பின்னால் டீமில் மிச்சம் இருந்தவர்கள், அதில் ஓரமாக என் தங்கச்சி. கடைசி வரிசையில் எங்கள் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் நான்.

எங்கள் வீட்டில் இருப்பதே நாங்கள் மூன்று பேர்தான். அப்பா இல்லை.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதி கம்பெனியில் தையல். சட்டைக்குக் காலர் வைப்பது என் வேலை. அம்மா சேலையூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தங்கச்சி தாம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன பெண்கள் நிறைய உண்டு. ஓட்டத்தால் சீட்டு வாங்கினவள் அவள் ஒருத்திதான்.

எழுதிப் பழக்கம் இல்லை எனக்கு. கோபம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவளுடைய ஓட்டம் எண்ணூறு மீட்டர். பள்ளிக்கூடத்திலிருந்தே அதுதான். மைதானத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். நூறு மீட்டர் மாதிரி கண்ணை மூடித் திறப்பதற்குள் முடியாது. ஐயாயிரம் மாதிரி இழுத்துக்கொண்டும் போகாது. ஏன் இதைப் பிடித்தாய் என்று ஒருமுறை கேட்டேன். ரெண்டாவது சுற்றில் நெஞ்சு எரியும்போது யார் ஓடுகிறார்கள், யார் நடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் யாருமே அதிகம் பேச மாட்டோம், அம்மாவைத் தவிர.

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் பாயிண்ட் என்கிற விஷயம் எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு சீசனுக்கு மூன்று போட்டி நடத்துகின்றன. முதலாவது வந்தால் ஐந்து பாயிண்ட். இரண்டாவதுக்கு மூன்று. மூன்றாவதுக்கு ஒன்று. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, அதிகம் வந்த கல்லூரிக்கு ஷீல்டு கொடுப்பார்கள்.

சில போட்டிக்கு ஆள் வராது. ஐயாயிரம் மீட்டர், நடைப்போட்டி, நானூறு மீட்டர் தடை ஓட்டம். வெயிலில் பன்னிரண்டரை சுற்று ஓட யாருக்கு ஆசை? நாலு பேர் நிற்பார்கள், சில சமயம் மூன்று பேர். விழாமல் முடித்தாலே ஏதாவது கையில் வரும். அதற்காக ஒவ்வொரு கல்லூரியும் மூச்சு தாங்குகிற ஒரு பெண்ணைப் பிடித்து அதில் விடும். இதற்குப் பெயர் பாயிண்ட்டுக்கு இறக்குவது. பி.டி. சார் என் தங்கச்சியை இறக்கினார்.

அவளுடைய இரண்டாவது வருடம். முதல் போட்டி கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். நடைப்போட்டியில் அவளைப் பார்த்தேன். நடைப்போட்டியில் ஓடக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முட்டி மடங்கக் கூடாது. அதனால் இடுப்பை ஆட்டி ஆட்டித்தான் போக முடியும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பையன்கள் அதே மாதிரி ஆட்டிக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

"அக்கா, பஸ்ஸு கெளம்பிடுச்சு. ஓடுக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் மாறவில்லை. இரண்டாவதாக வந்தாள். மூன்று பாயிண்ட். சார் ஒரு அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த போட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டாவது போட்டி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். அங்கே தடை ஓட்டத்தில் கட்டையில் கால் இடித்து விழுந்தாள், முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்தது. எழுந்து ஓடி முடித்தாள். மூன்று பாயிண்ட். அன்று சாயங்காலமே ஐயாயிரம் ஓடவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா காலைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஓடப் போனியா, ஒதபட்டு வந்தியா?"

இரண்டு போட்டியிலும் எண்ணூறில் அவளை ஓடவிடவில்லை. ஒரு போட்டிக்கு ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர்தான் ஓடலாம். கேப்டன் பெண்ணும் இன்னொரு சீனியரும் ஓடினார்கள். இரண்டு தடவையும் கேளம்பாக்கம் கல்லூரிப் பெண் ஒருத்தி முதலில் வந்தாள். உயரமான பெண். கடைசி வளைவில் அவள் கிளம்பினால் யாராலும் பிடிக்க முடியவில்லை. கேப்டன் இரண்டு தடவையும் இரண்டாவது.

பயிற்சியில் என் தங்கச்சி கேப்டனை முந்தியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. டீம் பெண்கள் வீட்டுக்கு வந்தபோது அவர்களே சொன்னார்கள். இவள் அதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய் டீ போட்டாள்.

மூன்றாவது போட்டிதான் முக்கியம். அதில் முதலாவதாக வருகிறவர் மட்டும் பல்கலைக்கழக அணிக்குப் போவார். அந்த அணியில் ஓடினால் ஒரு சான்றிதழ் தருவார்கள். விளையாட்டுக் கோட்டாவில் வேலை கேட்கும்போது அந்தச் சான்றிதழுக்குத்தான் மதிப்பு. கல்லூரிகளுக்குள் நடக்கிற போட்டியின் சான்றிதழை வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். தங்கச்சிக்கு ரயில்வேயில் போக வேண்டும் என்று ஆசை. எனக்கு அவள் தையல் மெஷினில் உட்காரக் கூடாது என்று ஆசை. இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது போட்டிக்கு எண்ணூறில் அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அம்மா கோழி வாங்கி வந்தாள். தங்கச்சி சரியாகச் சாப்பிடவில்லை. ஓடுகிற ஷூவைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு நான் முதல் சுத்து இழுக்கணுமாம்."

"இழுக்கணும்னா?"

"ரொம்ப வேகமா போகணும். கேளம்பாக்கம் பொண்ணு விடக் கூடாதுன்னு என் பின்னாடியே வரும். அதுக்கு மூச்சு வாங்கிடும். கேப்டன் பின்னாடி நின்னு மெதுவா வந்து கடைசில எடுத்துடுவாங்க."

"நீ?"

"நான் செத்துடுவேன்." சிரித்தாள்.

ஓடாதே என்றேன். சார் சொல்லிவிட்டார் என்றாள். நான் வந்து சாரிடம் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கேப்டனுக்கு இது கடைசி வருடம். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை. தனக்கு அடுத்த வருடம் இருக்கிறது, அடுத்த வருடம் எண்ணூறு உனக்குத்தான் என்று சார் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

 எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கடைசி வருடப் பெண். வழி விட்டால் என்ன? எங்கள் தையல் லைனில்கூடக் கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணுக்கு அவள் தைக்க வேண்டிய பீஸை மற்றவர்கள் முடித்துக் கொடுப்போம். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் அம்மாவும் நானும் போனோம். தாம்பரத்திலேயே நடந்தது. மண் மைதானம். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். எட்டுப் பெண்கள் நின்றார்கள். துப்பாக்கி வெடித்ததும் என் தங்கச்சி பிய்த்துக்கொண்டு போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். உயரமான பெண் அவள் பின்னாலேயே போனாள். கேப்டன் நாலாவதாக, அவசரம் இல்லாமல் வந்துகொண்டிருந்தாள். எல்லாம் சார் சொன்னபடி.

அம்மாவுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"நம்ம பொண்ணுதாண்டி மொதல்ல வர்றா, பாரு."

முதல் சுற்று முடிந்து மணி அடித்தது. அங்கேயே அவள் வேகத்தைக் குறைத்திருக்கலாம். இழுத்துவிட்டு விலகு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவள் விலகவில்லை. எதிர்ப்பக்க நேர்கோட்டிலும் அவள்தான் முன்னால். வாய் திறந்திருந்தது. தோள் மேலே ஏறிவிட்டது. கடைசி வளைவு வரைக்கும் பிடித்தாள். ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். அப்புறம் கால் போய்விட்டது. கேப்டன் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் உயரமான பெண் தாண்டினாள். இவள் மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டி மண்ணில் கையை ஊன்றிக்கொண்டாள்.

தன் ஓட்டத்தை ஓடியிருந்தால் முதலாவது வந்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விடவில்லை.

சார் வந்து முதுகில் தட்டினார். ப்ளான் கரெக்ட் என்றார். தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் படு, மூன்று மணிக்கு ஐயாயிரம் இருக்கிறது என்றார். அதையும் ஓடினாள்.

அந்த சீசனில் அவள் ஆறு முறை இரண்டாவது, மூன்று முறை மூன்றாவது. கல்லூரிக்குக் கொண்டுவந்தது இருபத்தொரு பாயிண்ட். கல்லூரிக்கு ஷீல்டு கிடைத்தது. அடுத்த கல்லூரியைவிட நாலு பாயிண்ட் கூட.

இப்போது விழா. ஜூலை மாதம் நடந்தது. பாராட்டு விழா, வீட்டில் உள்ளவர்களைக் கூட்டி வரச் சொன்னார்கள் என்று தங்கச்சி சொன்னாள். அம்மா இரண்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டாள். போட்டோ எடுக்க என் போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சார் மைக்கில் சாதனைகளை வாசித்தார். தங்கம் வாங்கியவர்களை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக ஏறினார்கள். சால்வை, கோப்பை, கைதட்டல். அம்மா ஒவ்வொரு பெயருக்கும் போனைத் தூக்கினாள். வேறு பெண் போனதும் இறக்கினாள்.

"நம்மள்து எப்போ?"

"வரும்மா."

கேப்டனுக்குப் பல்கலைக்கழக அணியின் கோட்டு போட்டுவிட்டார்கள். கருநீலக் கோட்டு, மார்பில் முத்திரை. சிறப்பு விருந்தினர் அவரே போட்டுவிட்டார். காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. எங்கள் லைனாக இருந்தால் செக்கிங்கில் திருப்பி அடித்திருப்பார்கள். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பார்ப்பது?

கடைசியில் சார் சொன்னார், டீமில் உழைத்த மற்ற எல்லாருக்கும் நன்றி என்று. அந்த மற்ற எல்லாரில் என் தங்கச்சி இருந்தாள். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பெயர் சொல்லாதது எங்களுக்குப் புதிதில்லை.

முதல்வர் எழுந்தார். ஒரு நல்ல செய்தி என்றார். நம் கேப்டன் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேறு எங்கும் போகவில்லை, நம் கல்லூரியிலேயே எம்.காம். சேர்ந்திருக்கிறார், இன்னும் இரண்டு வருடம் நமக்காக ஓடுவார், அடுத்த சீசனுக்கும் அவர்தான் கேப்டன் என்றார். பெரிய கைதட்டல். சாரும் தட்டினார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

தங்கச்சி திரும்பி, கடைசி வரிசையில் என்னைத் தேடிப் பார்த்தாள். அவ்வளவுதான். மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள்.

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அம்மா கவனித்தாள். என்ன என்று கேட்டாள். முதல் சுற்று இழுத்த கதையை அப்போதுதான் அம்மாவுக்குச் சொன்னேன், கைதட்டல் சத்தத்துக்கு நடுவில், காதோடு. அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் வெளியே படிக்கட்டில் போட்டோ. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தங்கம் வாங்கியவர்கள் ஷீல்டை நடுவில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் பின்னால் நிற்க வேண்டும். அதிலும் கடைசி ஆட்கள் இரண்டு பேர் பேனரை இந்த முனையிலும் அந்த முனையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு முனைக்குத் தங்கச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் எங்கள் பக்கத்தில் மரத்தடியில் நின்றாள். போகவில்லை. ஒரு பெண் வந்து கூப்பிட்டாள். போகவில்லை. அப்புறம் சாரே வந்தார்.

"வாம்மா, எல்லாரும் உனக்காக நிக்கறாங்க."

"வரல சார்."

உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் முன்னால் வந்தேன்.

"சார், அவங்க இங்கயே படிக்கப் போறாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

என்னை மேலிருந்து கீழே பார்த்தார். யார் என்று கேட்டார். அக்கா என்றேன். அட்மிஷன் எல்லாம் போன வாரம்தான் முடிந்தது என்றார். நான் அதைக் கேட்கவில்லை என்றேன்.  அப்புறம் குரலை இறக்கி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"டீம்னா இப்படித்தாம்மா. ஒருத்தருக்காக ஒருத்தர். ஷீல்டு யாரோடது? எல்லாரோடதும்தானே."

அம்மா குறுக்கே வந்தாள்.

"அப்டீன்னா குடு சார். ஒரு வாரம் எங்க வூட்ல வெச்சினு கொண்டாந்து குட்த்துடறேன்."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சார் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தங்கச்சி கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை.

"அடுத்த வருஷம் எண்ணூறு எனக்குத்தானே சார்?"

அவர் உடனே பதில் சொல்லியிருந்தால் போதும். பொய்யாகக்கூடச் சொல்லியிருக்கலாம். படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்கலாம் என்றார். கேப்டன் இருக்கிறாள், விளையாட்டு விடுதியிலிருந்து புதிதாக ஒரு பெண் வருகிறாள், இரண்டு பேருக்குத்தான் இடம் என்றார். பிறகு அவள் தோளில் கை வைத்தார்.

"உன் ஸ்ட்ரெங்த்தே வேறம்மா. வாக்கிங், ஐயாயிரம், ஹர்டில்ஸ். இதுக்கெல்லாம் உன்ன மாதிரி ஆள் எந்தக் காலேஜ்லயும் இல்ல."

தங்கச்சி அந்தக் கையை எடுத்து விடவில்லை. ஒரு எட்டு நகர்ந்தாள். கை தானாக விழுந்தது.

"எண்ணூறு குடுத்தா வரேன் சார். இல்லன்னா எதுக்கும் வரல."

"யோசிச்சுச் சொல்லு."

"சொல்லிட்டேன் சார்."

அவர் போய்விட்டார். பேனரின் அந்த முனையை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இப்போதும் கல்லூரி வாசலில் மாட்டியிருக்கிறதாம்.

கேப்டன் கோட்டோடு எங்களிடம் வந்தாள். முகம் நன்றாக இல்லை. தனக்கு எதுவும் தெரியாது, எம்.காம். போடச் சொன்னதே சார்தான், ஓட்டத்துக்கு முன்னாலேயே பேசிவிட்டார், ஆனால் இவளிடம் என்ன சொல்லி இழுக்க வைத்தார் என்று தெரியாது என்றாள். அழுகிற மாதிரி இருந்தாள். தங்கச்சி அவள் காலரை நீவி விட்டாள். நான் அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் இருக்கிறது.

ஓட்டத்துக்கு முன்னாலேயே. அந்த வார்த்தையோடு நாங்கள் இரும்புலியூர் வரைக்கும் நடந்தே வந்தோம். பஸ் வந்தது. யாரும் கை காட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து சார் போன் செய்தார். பயிற்சிக்கு வரவில்லையே என்றார். தங்கச்சி முன்பு சொன்னதையே சொன்னாள். அவரும் முன்பு சொன்னதையே சொன்னார். அப்புறம் போன் வரவில்லை. டீம் பெண்கள் கொஞ்ச நாள் கேண்டீனில் இவளிடம் பேசவில்லையாம். உனக்கு ரொம்பத் திமிருடி என்று ஒருத்தி சொன்னாளாம். ஆமாம் என்றாளாம் இவள்.

இப்போது அவளுக்கு மூன்றாவது வருடம். கடைசி வருடம். கடைசி வருடம் என்று சொல்லி அவளுக்காக யாரும் இழுக்கவில்லை. அவள் பெயரை எந்தப் போட்டிக்கும் கொடுக்கவில்லை. பல்கலைக்கழக அணி, சான்றிதழ், ரயில்வே எல்லாம் போயிற்று. காலையில் ஏரிக்கரையில் மட்டும் ஓடுகிறாள். போலீஸ் தேர்வுக்கு எழுதப் போகிறேன் என்கிறாள். நானும் என் கம்பெனியில் ஆள் எடுப்பதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

அவள் பிடிவாதம் பிடித்தது சரியா என்று என்னிடம் பலர் கேட்டார்கள். அவளைக் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்கிறார்கள். மூன்று பாயிண்ட், ஒரு பாயிண்ட் என்று ஓடிக்கொண்டாவது இருந்திருக்கலாமே என்றார்கள். யாருக்காக என்று கேட்டேன். கல்லூரிக்காக என்றார்கள். அந்தக் கல்லூரி மேடையில் அவள் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு செலவு செய்யவில்லை. நான் வேறு பதில் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த சீசனின் கடைசிப் போட்டி முடிந்தது. சாயங்காலம் கேப்டன் போன் செய்தாள். தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். எண்ணூறில் கேளம்பாக்கம் பெண் முதலாவதாம். கேப்டன் இரண்டாவது. விடுதியிலிருந்து வந்த பெண் ஐந்தாவது. ஐயாயிரத்துக்கு இறக்கின பெண் பாதியில் உட்கார்ந்துவிட்டாளாம். நடைப்போட்டிக்கு ஒரு முதல் வருடப் பெண்ணை இறக்கி, அவள் ஓடிவிட்டாள் என்று வெளியேற்றிவிட்டார்களாம். தடை ஓட்டத்துக்கு ஆளே இல்லையாம். ஷீல்டு கேளம்பாக்கம் போய்விட்டதாம்.

தங்கச்சி உம் உம் என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருக்குமா என்று பார்த்தேன். இல்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எத்தினி பாயிண்ட்ல போச்சாம்?"

பதினொன்று.